ஒரு கேள்விக்கு ஒரே விடை

நெல்வயல்களும் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்த ஊர் தஞ்சோங் காராங். இவ்வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளிக் கல்வியை முடிக்கும் மாணவர்கள் பலர் தேசிய இடைநிலைப்பள்ளிகளில் சேர்கின்றனர். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, அத்தகைய பள்ளி ஒன்றில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும். ஆகவே, பெற்றோரின் விருப்பத்தைத் தெளிவாகப் பதிவு செய்யும் படிவம் முக்கியமானது. அதனைச் சொற்செயலியில் உருவாக்கும்போது கைகொடுப்பது தெரிவுப் பொத்தான்.

தெரிவுப் பொத்தான் என்பது சிறிய வட்டம். அதனைச் சொடுக்கினால் நடுவில் ஒரு புள்ளி தோன்றும். அதே கேள்விக்குரிய மற்றொரு வட்டத்தைச் சொடுக்கினால் முதல் புள்ளி மறைந்துவிடும். ஒரே கேள்விக்குப் பல விடைகளைத் தெரிவு செய்யலாம் என்றால் சதுரக் கட்டங்களைப் பயன்படுத்த வேண்டும். ஒன்றை மட்டும் தெரிவு செய்ய வேண்டும் என்றால் வட்டமே பொருத்தம். ஆங்கிலத்தில் இதனை ‘ரேடியோ பட்டன்’ என்றும் அழைப்பர். பழைய கார் வானொலிகளில் நிலையங்களை மாற்ற வரிசையாகப் பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினால், முன்பு அழுத்தப்பட்டிருந்த பொத்தான் தானே வெளியே வந்துவிடும். அதிலிருந்தே இப்பெயர் பிறந்தது.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெஆபிஸ் ரைட்டர் சொற்செயலியில் இப்பொத்தானைச் சேர்ப்பது எளிது. முதலில், ‘ஃபார்ம்’ பட்டியலில் ‘டிசைன் மோட்’ எனும் வடிவமைப்பு நிலையை இயக்க வேண்டும். பின்னர், அதே பட்டியலில் உள்ள ‘ஆப்ஷன் பட்டன்’ என்பதைத் தெரிவு செய்து, வேண்டிய இடத்தில் வரைய வேண்டும். அடுத்து, பொத்தானை வலப்பக்கமாகச் சொடுக்கி அதன் பண்புகளைத் திறக்க வேண்டும். அங்கே ‘லேபல்’ எனும் இடத்தில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என எழுதலாம். ‘குரூப் நேம்’ எனும் இடத்தில் குழுப்பெயரை இட வேண்டும். வேலை முடிந்ததும் வடிவமைப்பு நிலையை நிறுத்தினால்தான் பொத்தான்கள் இயங்கும்.

இவற்றுள் மிகுந்த கவனம் தேவைப்படுவது குழுப்பெயர். படிவத்தின் முதல் கேள்வி, ‘உங்கள் பிள்ளை தமிழ்மொழி கற்க விரும்புகிறாரா?’ என்பதாகவும், இரண்டாவது கேள்வி, ‘வகுப்பு முடிந்ததும் எவ்வாறு வீடு திரும்புவார்?’ என்பதாகவும் இருக்கலாம். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே குழுப்பெயரை இட்டுவிட்டால், கணினி அவற்றை ஒரே கேள்வியாகவே கருதும். தாய் ஒருவர் முதலில் ‘ஆம்’ என்பதைச் சொடுக்கிவிட்டு, அடுத்துப் ‘பள்ளிப் பேருந்து’ என்பதைச் சொடுக்கினால், அவருடைய ‘ஆம்’ மறைந்துவிடும். எந்த எச்சரிக்கையும் திரையில் தோன்றாது. எனவே, முதல் கேள்வியின் பொத்தான்களுக்கு ‘தமிழ்’ என்றும் இரண்டாவது கேள்வியின் பொத்தான்களுக்குப் ‘பயணம்’ என்றும் தனித்தனிக் குழுப்பெயர் இட வேண்டும்.

விடைகளின் பட்டியலும் முழுமையாக இருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து வரும் மாணவர் சிலர் பள்ளிப் பேருந்தில் செல்வர். சிலரைப் பெற்றோர் மோட்டார் சைக்கிளில் அழைத்துச் செல்வர். தமக்குரிய விடை படிவத்தில் இல்லாதவர், பொருந்தாத ஒன்றைச் சொடுக்க நேரிடும். ‘வேறு வழி’ எனும் பொத்தான் அக்குறையைத் தீர்க்கும். மேலும், எந்தப் பொத்தானிலும் முன்கூட்டியே புள்ளி இடக்கூடாது. அவ்வாறு இட்டால், கேள்வியைப் படிக்காமல் விட்டவருக்கும் ஒரு விடை பதிவாகிவிடும்.

படிவத்தை அனுப்பும் முன், அதனைத் தயாரித்தவர் எல்லாப் பொத்தான்களையும் ஒருமுறை சொடுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடையளித்த பிறகும் முதல் கேள்வியின் புள்ளி அப்படியே இருந்தால் படிவம் சரியாக உள்ளது எனலாம். சரியாக 15 பெற்றோர் மட்டுமே தமிழ் வகுப்பைக் கேட்கும் பள்ளியில், ஒரே ஒரு விடை அழிந்தாலும் எண்ணிக்கை 14 ஆகிவிடும்.