கரன்ட் போனால் இழப்பீடு உண்டு... புகார் எண் வாங்கினீர்களா?

ராத்திரி ஒன்பது மணிக்கு டிரான்ஸ்ஃபார்மரில் 'டமால்' என்று ஒரு சத்தம். தெரு முழுக்க இருட்டு. உடனே என்ன செய்வோம்? எதிர் வீட்டிலும் கரன்ட் இல்லையா என்று எட்டிப் பார்ப்போம். அங்கேயும் இல்லையென்றால் ஒரு நிம்மதி! 'யாராவது ஈ.பி.க்கு போன் போட்டிருப்பாங்க' என்று விசிறியைத் தேட ஆரம்பித்துவிடுவோம். பல தெருக்களில் அந்த 'யாராவது' யாருமே இல்லை.

விவரம் தெரிந்தவர்கள் ஏரியா லைன்மேனின் செல்போனுக்கு நேராக அடிப்பார்கள். அவரும் பாவம், சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஏணியோடு வருவார். வேலை முடியும். ஆனால், அந்த நான்கு மணி நேர இருட்டு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

ஏறினால் என்ன லாபம்? இருக்கிறது. 2003-ம் வருட மின்சாரச் சட்டத்தின் 57-வது பிரிவு, மின் நிறுவனம் குறிப்பிட்ட தரத்தில் சேவை தராவிட்டால் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. அதன்படி தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004-ல் விதிமுறை போட்டது. புது இணைப்பு தருவதில் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய், அதிகபட்சம் 1,000. மின்தடையைச் சரிசெய்யக் கெடு தாண்டினால் ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் 50 ரூபாய், அதிகபட்சம் 2,000. புயல், வெள்ளம் என்றால் இது பொருந்தாது.

தொகை சின்னதுதான். ஃப்ரிட்ஜில் புளித்துப்போன இட்லி மாவுக்கே காணாது. இருந்தாலும் தாமதத்துக்கு ஒரு விலை போட்டு, அதை எழுத்திலும் வைத்திருக்கிறார்கள். இருபது வருடமாக இருக்கிற இந்த உரிமையைப் பற்றிக் கேட்டால், 'அப்படியா?' என்று ஆச்சர்யப்படுகிறவர்கள்தான் அதிகம்.

யாரிடம் போவது?

முதல் படி, 'மின்னகம்'. 2021 ஜூனில் தொடங்கிய 24 மணி நேர சேவை மையம். எண் 94987 94987. இங்கே புகார் சொன்னால் பதிவு எண் கிடைக்கும். கெடு தாண்டியது என்பதைக் காட்ட அந்த எண்தான் ஆதாரம்.

அங்கே தீரவில்லையென்றால், ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் இருக்கிற நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். வக்கீல் தேவையில்லை, வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். ஆனால், இந்த மன்றத்தின் அமைப்பில் ஒரு சிக்கல். தலைவராக உட்கார்ந்திருப்பவர் அதே மின் நிறுவனத்தின் மேற்பார்வைப் பொறியாளர். புகாருக்கு ஆளான அலுவலகமும் அவருக்குக் கீழேதான் வரும். இதைச் சமன் செய்யத்தான், நுகர்வோர் அமைப்புகளிலிருந்து ஓர் உறுப்பினரை மாவட்ட கலெக்டர் பரிந்துரைக்கிறார். அந்த ஒற்றை நாற்காலியில் இருப்பவர் விதிமுறைகளைக் கரைத்துக் குடித்தவராக இருந்தால் விசாரணையின் போக்கே வேறு. தலையாட்டுபவராக இருந்தால், மன்றம் இன்னொரு ஈ.பி. ஆபீஸ் மாதிரிதான்.

அங்கும் நியாயம் கிடைக்கவில்லை என்று நினைத்தால், மின்குறை தீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இவரை நியமிப்பது ஒழுங்குமுறை ஆணையம். மின் நிறுவனம் அல்ல. அலுவலகம் சென்னை கிண்டியில்.

ஒரே ஒரு யூனிட்... 233 ரூபாய்!

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள், ஒரு கணக்கைப் பார்க்கலாம். 2022 செப்டம்பர் 10-ல் அமலான கட்டணப்படி, வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாயாக இருந்தது. 501 யூனிட் ஓடினால் 1,958. ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம்! 500-ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த 2.25 ரூபாய் சலுகை விலை பறிபோய், அதுவும் 4.50 ஆகிவிட்டதுதான் காரணம். ரீடிங் எடுப்பவர் ஒரு வாரம் தள்ளி வந்ததால் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்பது பல வீடுகளின் நெடுநாள் புலம்பல். புலம்பலைப் புகாராக்க, போன முறை எடுத்த தேதியும் இந்த முறை எடுத்த தேதியும் வேண்டும். வெள்ளை அட்டையைப் பத்திரமாக வைக்கிற அம்மாக்களுக்கு இது தெரியும்.

கட்டணம் ஏறுவதற்கு முன்னாலும் நாம் பேசலாம். கட்டண மனுவின் மீது மக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே ஆணையம் உத்தரவிட வேண்டும் என்பது சட்டம். 2022 ஆகஸ்ட்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. இப்படிப்பட்ட கூட்டங்களில் பஞ்சாலைக்காரர்கள் வக்கீலோடும் புள்ளிவிவரத்தோடும் நிற்பார்கள். குடும்பத்துக்காக வருபவர் தன் தெரு டிரான்ஸ்ஃபார்மர் பற்றிப் பேசுவதற்குள் நேரம் முடிந்துவிடும். நூற்றுக்கணக்கான பக்க மனுவைப் படித்து, 'இந்த நஷ்டக் கணக்கு எப்படி வந்தது?' என்று கேட்க ஆள் வேண்டும். சென்னையில் 1985-ல் தொடங்கப்பட்ட சி.ஏ.ஜி. போன்ற நுகர்வோர் அமைப்புகள் செய்கிற வேலை இதுதான். சம்பளமில்லாத டியூஷன் மாதிரி, வெளியில் தெரியாது.

மகாராஷ்டிராவில் இதற்கு அதிகாரபூர்வ இடமே கொடுத்திருக்கிறார்கள். மும்பை கிராஹக் பஞ்சாயத், புனேயின் பிரயாஸ் உள்ளிட்ட அமைப்புகளை நுகர்வோரின் பிரதிநிதிகளாக அந்த மாநில ஆணையம் அங்கீகரித்தது. ஆணையத்துக்கு அந்த அதிகாரத்தைத் தருவது இதே மின்சாரச் சட்டத்தின் 94-வது பிரிவு. அது எல்லா மாநிலத்துக்கும் பொது.

பிரயாஸ் அமைப்பு இன்னொரு வேலையும் செய்தது. சாதாரண பிளக் பாயின்ட்டில் செருகும் சின்னக் கருவி ஒன்றைப் பல மாநிலங்களில் வீடுகளிலும் கடைகளிலும் வைத்தது. நிமிடத்துக்கு ஒருமுறை வோல்டேஜைப் பதிந்து, சிம் கார்டு வழியாக அனுப்பும். எத்தனை மணிக்கு கரன்ட் போனது, எப்போது வந்தது, எவ்வளவு 'லோ வோல்டேஜ்' என்பதெல்லாம் இணையத்தில் யாரும் பார்க்கும்படி வெளியானது. '24 மணி நேரமும் சப்ளை' என்று சொல்லும் ஊரில், இருட்டு எத்தனை மணி நேரம் என்று கேட்க யாருடைய தயவும் வேண்டியதில்லை.

மத்திய அரசின் 2020 நுகர்வோர் உரிமை விதிகள் இதே திசையில்தான் போகின்றன. தொலைவிலிருந்தே கண்காணிக்க முடிகிற குறைகளுக்கு, கேட்காமலேயே இழப்பீடு தானாக வரவு வைக்கப்பட வேண்டும் என்கின்றன. 2024 திருத்தத்தின்படி புது இணைப்புக்குப் பெருநகரில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7, கிராமத்தில் 15 நாள் கெடு. ஸ்மார்ட் மீட்டர் வீட்டுக்கு வந்தால், கரன்ட் போன நேரத்தை அதுவே குறித்துக்கொள்ளும். அதுவரை நேரத்தைக் குறிக்கும் வேலை நம்முடையது. மெழுகுவத்தியைத் தேடுவதற்கு முன்னால் ஒரு போன், ஒரு புகார் எண், மறுநாள் காலையில் மீட்டரை ஒரு போட்டோ.