கடிதம் எழுதக் கை சலித்தவர் கண்டுபிடித்த வாழ்த்து அட்டை... தெரியுமா?

உலகின் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சடித்தவர், கடிதம் எழுதி எழுதி அலுத்துப்போன ஓர் அரசு அதிகாரி! தெரியுமா?

ஆண்டு 1843. ஊர் லண்டன். அதிகாரியின் பெயர் ஹென்றி கோல். பண்டிகை நெருங்க நெருங்க மேசையில் கடிதங்கள் குவிகின்றன. பதில் போடாவிட்டால் மரியாதைக் குறைவு. போட உட்கார்ந்தால் வேறு வேலை ஓடாது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தக் கடித வெள்ளத்துக்கு மடை திறந்தவர்களில் அவரும் ஒருவர்! பிரிட்டனில் எந்த மூலைக்கும் ஒரே பென்னிக்குக் கடிதம் போகும் என்ற திட்டம் 1840இல் நடைமுறைக்கு வந்தபோது, அதை வகுத்த ரோலண்ட் ஹில்லுக்குத் தோள் கொடுத்து உழைத்தவர் கோல்தான். தான் விதைத்த வினை தன் வீட்டு வாசலுக்கே வந்தது.

ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியர் நண்பரைப் பிடித்து ஓர் அட்டை வரையச் சொன்னார். மேலே பெறுபவர் பெயருக்கு இடம், கீழே அனுப்புபவர் பெயருக்கு இடம், நடுவே படமும் வாழ்த்தும். பெயரை எழுதினால் வேலை முடிந்தது! சுமார் ஆயிரம் அட்டைகளைக் கல்லச்சில் அடித்து, ஒவ்வொன்றுக்கும் கையாலேயே வண்ணம் தீட்டி, மிஞ்சியதை விற்பனைக்கு வைத்தார்கள். விலை ஒரு ஷில்லிங். அதாவது பன்னிரண்டு பென்னி. ஓர் அட்டை வாங்கும் காசில் பன்னிரண்டு கடிதங்களுக்குத் தபால்தலை ஒட்டலாம்! யார் வாங்குவார்கள்?

அட்டையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு ஓரங்களிலும் ஏழைகளுக்குச் சோறு போடும், துணி கொடுக்கும் காட்சிகள். நடுவில் தாத்தா, பாட்டி, பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று மூன்று தலைமுறையும் ஒயின் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. முன்வரிசையில் ஒரு பெண், பக்கத்தில் நிற்கும் சின்னஞ்சிறு குழந்தையின் வாயில் கோப்பையை வைக்கிறாள். போதாதா? மதுவிலக்குப் பிரசாரக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். படத்தை வரைந்த ஹார்ஸ்லி பிற்காலத்தில் என்ன செய்தார் தெரியுமா? ஓவியர்கள் ஆடையில்லாப் பெண்களை மாடலாக வைத்து வரைவது ஒழுக்கக்கேடு என்று போர்க்கொடி தூக்கி, ஊராரிடம் கேலிப் பட்டப்பெயர் வாங்கினார்!

சரி, அச்சடித்ததில்தான் கோல் முன்னோடி. ஆள் வைத்து வாழ்த்து அனுப்பும் தந்திரம் அதற்கும் அறுநூறு ஆண்டு மூத்தது. சீனத்தில் சொங் வம்ச ஆட்சியில், பண்டிகைக்கு நேரில் போக முடியாத பெரிய மனிதர்கள் தங்கள் பெயர் எழுதிய சீட்டுகளை வேலைக்காரனிடம் கொடுத்து வீடு வீடாகப் போட்டுவரச் சொல்வார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜௌ மி தன் உறவினர் ஒருவரைப் பற்றி எழுதியிருப்பதைக் கேளுங்கள். மாமா முறை, குறும்புக்காரர். பண்டிகை நாளில் அவருக்கு அனுப்ப ஆளில்லை. வாசலில் உலாத்திக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவரின் வேலைக்காரன் சீட்டுக் கட்டோடு வந்து நின்றான். மாமா கட்டை வாங்கிப் புரட்டினார். அட, எல்லாம் தனக்கும் வேண்டப்பட்டவர்கள் வீடுதான்! வேலைக்காரனுக்கு மது ஊற்றிக் கொடுத்து உபசரித்து, அவன் அசந்த நேரத்தில் நண்பரின் சீட்டுகளை எடுத்துவிட்டுத் தன் சீட்டுகளை வைத்துவிட்டார். அவனும் ஊரெல்லாம் சுற்றி, தன் முதலாளிக்குப் பதிலாக மாமாவின் வாழ்த்தைச் சேர்த்துவிட்டு வந்தான்! பிறகு நண்பரைச் சந்தித்தபோது மாமா அந்தக் கட்டை எடுத்து நீட்ட, இருவரும் சிரித்தார்களாம். வாழ்த்து அனுப்பும் சோம்பலுக்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

மறுபடி லண்டன். ஒரு ஷில்லிங் அட்டையை யார் வாங்குவார்கள் என்று கேட்டேனே, அப்புறம் எது அதைத் தூக்கி நிறுத்தியது? மறுபடியும் தபால் கட்டணம்தான்! 1870இல் அஞ்சலட்டைக்கும் ஒட்டாத உறைக்கும் அரை பென்னி போதும் என்றார்கள். கூடவே வண்ணக் கல்லச்சும் மலிந்தது. மக்கள் அட்டைகளை மூட்டை மூட்டையாகப் போட ஆரம்பித்ததில் பத்தே ஆண்டில் தபால் துறை திணறிப்போய், கிறிஸ்துமஸ் தபாலை முன்கூட்டியே போடுங்கள் என்று 1880இல் ஜனங்களிடம் கேட்டுக்கொண்டது.

அந்தக் காலத்து அட்டைகளில் என்னென்ன படம் போட்டார்கள் தெரியுமா? பனியும் மணியும் என்று நினைக்காதீர்கள். செத்து மல்லாந்து கிடக்கும் ராபின் குருவி! ஒரு தவளை இன்னொரு தவளையைக் குத்திப் போட்டுவிட்டுப் பணப்பையோடு ஓடுகிறது! சிங்க இறால் மேல் சுண்டெலி சவாரி! இவற்றைத்தான் உண்மையாகவே அன்போடு அனுப்பிக்கொண்டார்கள். ஆஸ்திரியாவில் இன்னும் ஒருபடி மேல். கொம்பும் நீள நாக்கும் கொண்ட கிராம்பஸ் என்ற பூதம், அடம் பிடிக்கும் பிள்ளைகளைக் கூடையில் போட்டுத் தூக்கிப் போகும் படம்தான் அங்கே பண்டிகை அட்டை. 1869இல் உலகின் முதல் அஞ்சலட்டையை வெளியிட்ட நாடும் அதுதான்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலைப் பெருக்கியவர் பாஸ்டன் நகரில் அச்சகம் வைத்திருந்த லூயி பிராங். ஜெர்மானிய மண்ணிலிருந்து வந்தவர். 1881 வாக்கில் ஆண்டுக்கு ஐம்பது லட்சம் அட்டைகளுக்கு மேல் அடித்தார். நல்ல ஓவியத்துக்கு ஆயிரம் டாலர் பரிசென்று போட்டி வைத்தார். பின்னாளில் இதே தொழிலில் கொடிகட்டிய ஹால்மார்க் நிறுவனம், விசித்திர ஓவியங்களுக்குப் பேர்போன சால்வதோர் தாலியிடமே கிறிஸ்துமஸ் அட்டை கேட்டது. பதினைந்தாயிரம் டாலரை முன்பணமாக, அதுவும் ரொக்கமாக வாங்கிக்கொண்டு அவர் வரைந்தவற்றில் ஒன்று, தலையில்லாமல் வீணை போன்ற வாத்தியம் வாசிக்கும் தேவதை! கடைக்கு வந்த தாலி அட்டைகளையும் வாடிக்கையாளர்கள் எதிர்த்ததால் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தாலியிடம் போய் அடக்க ஒடுக்கமான பண்டிகைப் படம் கேட்டது யார் தப்பு?

அதற்கு நேர்மாறாக ஒன்று. யுனிசெஃப் அமைப்பின் முதல் வாழ்த்து அட்டையை வரைந்தது ஏழு வயதுச் சிறுமி! இரண்டாம் உலகப் போருக்குப் பின் உதவி பெற்ற செக்கோஸ்லோவாக்கியா கிராமத்துப் பிள்ளை அவள். நன்றி சொல்ல அவள் தீட்டிய படம் 1949இல் அட்டையானது. காகிதம் கிடைக்காததால் கண்ணாடித் துண்டின் மேல் வரைந்தாளாம்.

ஜப்பானில் புத்தாண்டு வாழ்த்தே லாட்டரிச் சீட்டு, தெரியுமா? 1949 முதல் தபால் துறை விற்கும் புத்தாண்டு அஞ்சலட்டைகளில் எண் இருக்கும். ஜனவரியில் குலுக்கல். முதல் முறை பெரிய பரிசு தையல் இயந்திரம்! டிசம்பர் 25க்குள் தபால் பெட்டியில் போட்டுவிட்டால் சரியாக ஜனவரி முதல் தேதி காலையில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வீட்டில் அந்த ஆண்டு துக்கம் நடந்திருந்தால், இம்முறை எங்களுக்கு வாழ்த்து வேண்டாம் என்று முன்னதாகவே ஓர் அட்டை போட்டுச் சொல்லிவிடுவார்கள். 2003இல் 440 கோடிக்கு மேல் அச்சிட்டார்கள். இப்போது அதில் கால்வாசிகூட இல்லை. 2024 அக்டோபரில் அஞ்சலட்டை விலை 63 யென்னிலிருந்து 85 ஆனது. தபால் கட்டணம் வளர்த்த பிள்ளையைத் தபால் கட்டணமே கொல்கிறது.

நம் பொங்கல் வாழ்த்தும் இதே கணக்கில் ஓடியதுதான். மார்கழி பிறந்தால் பிளாட்பாரத்தில் கயிறு கட்டி, வரிசையாகத் தொங்கவிடுவார்கள். பானை, கரும்பு, காளை மாடு, சாமி படம், ஜிகினா தூவிய பூக்கள், எல்லாவற்றுக்கும் மேலே எம்.ஜி.ஆரும் சிவாஜியும். பிறகு ரஜினியும் கமலும். சிவகாசி அச்சகங்களின் கைவண்ணம். ரஜினி ரசிகனுக்குக் கமல் அட்டையை அனுப்பி வெறுப்பேற்றிய பங்காளிகள் எத்தனை பேர்! உறையை ஒட்டாமல் மடலை உள்ளே செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதினால் அப்போது குறைந்த கட்டணம். லண்டனில் 1870இல் வந்த அதே ஒட்டாத உறைச் சலுகைதான், ஊர் மாறி வந்திருக்கிறது!

கடைசியாக ஒன்று. உலகின் முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் போனது. நீல் பாப்வொர்த் என்ற 22 வயது பொறியாளர் கணினியில் தட்டி, வோடஃபோன் அதிகாரி ஒருவரின் கைபேசிக்கு அனுப்பினார். அதில் இருந்த செய்தி என்ன? கிறிஸ்துமஸ் வாழ்த்து! அட்டைக்கு எமன் வந்ததே அட்டையின் வாசகத்தோடுதான்.

கோல் தன் பாட்டிக்கு அனுப்பிய அட்டை 2001இல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 22 ஆயிரம் பவுண்டுக்கு மேல்! உங்கள் வீட்டுப் பரணில் எம்.ஜி.ஆர். படம் போட்ட பொங்கல் வாழ்த்துக் கட்டு இருந்தால், பழைய பேப்பர்காரர் தராசில் ஏற்றிவிடாதீர்கள். லட்சம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறையையும் சேர்த்து வையுங்கள். அனுப்பியவர் கையெழுத்தும் தேதி முத்திரையும் அதில்தான் இருக்கின்றன.