பூனைக்குச் சொறி கண்டால்…

நெல்லும் தானியமும் சேர்த்து வைக்கும் இல்லங்களில் எலியை அடக்கும் காவலாளி பூனையே. நிலக்கோட்டை வட்டத்துச் சேவுகம்பட்டி போன்ற வேளாண் ஊர்களில் இதனை நாம் நன்கறிவோம். ஆயினும், அதன் உடலில் மயிர் உதிர்ந்து சொறி தோன்றிவிட்டால், பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்றஞ்சிச் சாக்கிலிட்டு ஊருக்கு வெளியே விட்டுவருவோரும் உண்டு. அச்சம் முற்றிலும் பொய்யன்று. அந்த முடிவுதான் பயனற்றது.

எல்லாச் சொறியும் ஒரே நோயன்று. நோய் கண்ட இடமே பாதி விடை கூறும். காது விளிம்பில் தொடங்கி முகம், கழுத்து எனத் தடித்த பொருக்குப் படர்ந்து, பூனை ஓயாது சொறிந்துகொண்டால், அது கண்ணுக்குப் புலப்படாத சொறிப்பூச்சியின் வேலையாகலாம். வாலடியிலும் பின்முதுகிலும் மயிர் உதிர்ந்தால் தெள்ளுப்பூச்சியை ஐயுறலாம். ஈரமான வெள்ளைத் தாளின்மேல் மயிரைச் சீவிப் பாருங்கள். உதிரும் கரும்பொடி செந்நிறமாய்க் கரைந்தால், அது தெள்ளு குடித்த இரத்தமே.

தலையிலும் முன்னங்கால்களிலும் வட்டமாய் மயிரற்ற திட்டுகள் தோன்றினால், அது படர்தாமரையாகலாம். குட்டிகளுக்கே இது மிகுதி. இது பூச்சியால் வருவதன்று, பூசணத்தால் வருவது, மனிதருக்கும் தொற்றும். மருத்துவர் புறஊதா விளக்கில் பார்க்கையில் நோயுற்ற மயிர் இளம்பச்சையாய் ஒளிரக்கூடும். ஒளிராவிடினும் நோயில்லை எனத் துணிய இயலாது. மயிரைச் சோதனைக்கு அனுப்பி 2 அல்லது 3 வாரம் காத்திருக்க நேரிடும்.

நோய் இன்னதென்று அறியுமுன் மருந்திடுவது பெருந்தீங்கு. பூனை தன் உடலை நக்கியே தூய்மை செய்யும் பிராணி. மேலே பூசிய மண்ணெண்ணெயும் பினாயிலும் அதன் வயிற்றுக்குள் செல்லும். நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு வலிப்பையும் மரணத்தையும் விளைவிக்கும். பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே அதன் உயிரைப் போக்கவல்லது. எனவே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வதே முறை. வீட்டிலுள்ள மற்றப் பூனைகளையும் உடன் காட்டுதல் நலம்.

படர்தாமரை கண்ட பூனையைக் குணமாகும்வரை தனியறையில் வைத்து, அதன் துணிகளைத் துவைத்து, உதிர்ந்த மயிரை நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அம்மயிரிலுள்ள பூசண விதைகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். பூனையைத் துரத்திய பின்னும் அவை நம் பாயிலும் தலையணையிலும் தங்கிவிடுமல்லவா?

பிள்ளைகளின் உடலில் வட்டத்திட்டு கண்டால், வீட்டில் பூனையிருப்பதைக் கூறி மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பைத் தணித்து, நோயை உள்ளே வளர்த்துவிடும். தக்க மருந்தைச் சொன்ன நாள்வரை இட்டுவந்தால், பிள்ளையும் குணமடையும், பூனையும் குணமடையும்.