தொலைந்துபோன நீலப் பூனை

நீல உடல், வெள்ளை வயிறு, கழுத்தில் ஒரு மஞ்சள் மணி. இவ்வளவு சொன்னாலே போதும். டோராஎமோன் என்று மாணவர்கள் சொல்லிவிடுவர். ஜொகூரில் மூவார், குளுவாங், பத்து பகாட் என எந்த ஊரில் கேட்டாலும் விடை மாறாது. மலேசியத் தொலைக்காட்சியில் இந்தப் பூனை மலாய்மொழி பேசியது. அதன் சித்திரக்கதை நூல்களும் மலாயில் வெளிவந்தன. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கோ அது தமிழிலேயே பேசுகிறது. இவ்வளவு புகழ்பெற்ற டோராஎமோனின் முதல் தொலைக்காட்சித் தொடரை இன்று முழுமையாகப் பார்க்க முடியாது. அதன் பெரும்பகுதி தொலைந்துவிட்டது.

டோராஎமோன் முதலில் தாளில்தான் பிறந்தது. ஃபுஜிக்கோ எஃப். ஃபுஜியோ என்னும் புனைபெயர் கொண்ட ஓவியர் ஹிரோஷி ஃபுஜிமோத்தோ இதனைப் படைத்தார். ஷோகாகுகான் பதிப்பகம் சிறுவர்களுக்காக வெளியிட்ட ஆறு இதழ்களில், 1970ஆம் ஆண்டு சனவரி இதழ் தொடங்கி இக்கதை வந்தது. 22ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் ஓர் இயந்திரப் பூனை, படிப்பிலும் விளையாட்டிலும் பின்தங்கிய நொபித்தா என்னும் சிறுவனுக்குத் துணையாகிறது. அதன் வயிற்றுப் பையிலிருந்து விதவிதமான கருவிகள் வெளிவருகின்றன. கருவி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் நொபித்தா அதைத் தவறாகப் பயன்படுத்தி மாட்டிக்கொள்வான். கதையின் சுவையே அதில்தான் இருக்கிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து இக்கதை தொலைக்காட்சிக்கு வந்தது. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நிப்பான் தொலைக்காட்சியில் முதல் அங்கம் ஒளியேறியது. அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தொடர் முடிந்தது. மொத்தம் 26 அங்கங்கள். ஓர் அங்கத்திற்கு இரண்டு கதைகள் என 52 கதைகள். இன்றைய இரசிகர்கள் அதைக் கேட்டால் வியப்படைவார்கள். முதற்பாதியில் டோராஎமோனுக்குக் குரல் கொடுத்தவர் கோசெய் தொமித்தா என்னும் ஆண் நடிகர். பிற்பாதியில் மசாக்கோ நொசாவா என்ற நடிகை அப்பணியை ஏற்றார். பிற்காலத்தில் டிராகன் பால் தொடரின் கோக்குவுக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான்.

தொடர் ஏன் ஆறே மாதங்களில் முடிந்தது? ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு அது ஒளிபரப்பானது. அதே நேரத்தில் மற்றோர் அலைவரிசையில் மசிங்கர் இசட் என்னும் மாபெரும் போர் இயந்திரத்தின் கதை ஓடிக்கொண்டிருந்தது. சிறுவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. தொடரைத் தயாரித்த நிப்பான் டெலிவி டோகா நிறுவனமும் அதன் முடிவோடு கலைந்துபோனது. படம் தொலைந்த கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஓர் அசைவூட்டப்படம் எப்படி உருவாகிறது என்பதை அறிந்தால், அது எப்படித் தொலைகிறது என்பதும் விளங்கும். கணினி வருவதற்கு முன், ஓவியர்கள் ஒவ்வோர் அசைவையும் தாளில் வரைந்தனர். அவ்வோவியத்தை ஒளி ஊடுருவும் தகட்டில் படியெடுத்து வண்ணம் தீட்டினர். பின்னணி ஓவியத்தின்மேல் அத்தகட்டை வைத்து, ஒவ்வொன்றாகப் படச்சுருளில் பதிவு செய்தனர். ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். அப்படியானால் 22 நிமிடங்களுக்கு 31,680 படங்கள். அத்தனையையும் வரைய யாராலும் இயலாது. ஆகவே, தொலைக்காட்சித் தொடர்களில் ஒரே ஓவியத்தைப் பெரும்பாலும் மூன்று முறை பதிவு செய்து செலவைக் குறைத்தனர். அப்படிச் செய்தும் ஓர் அங்கத்திற்கு ஆயிரக்கணக்கான ஓவியங்கள் தேவைப்பட்டன.

படப்பிடிப்பு முடிந்ததும் அந்தத் தகடுகளால் யாருக்கும் பயனில்லை. அவை இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் பல நிறுவனங்கள் அவற்றைக் குப்பையில் எறிந்தன. படச்சுருள் மட்டும் மிஞ்சும். அதையும் குளிர்ந்த, ஈரமில்லாத கிடங்கில் வைக்க வாடகை கட்ட வேண்டும். நிறுவனமே கலைந்துவிட்டால் அந்த வாடகையை யார் கட்டுவார்? யாரும் திட்டமிட்டு அழித்தால்தான் ஒரு படம் தொலையும் என்பதில்லை. பொறுப்பேற்க ஆளில்லாமல் போனாலே போதும்.

நிறுவனம் கலைந்தபோது அங்குப் பணியாற்றிய மசாமி ஜுன் என்பவர் சில பொருள்களைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். படச்சுருள்களும் எழுத்துப் படிகளும் ஓவியங்களும் அவற்றுள் அடங்கும். பிற்பகுதி அங்கங்கள் சிலவற்றின் சுருள்கள், இமாஜிகா என்னும் படச்சுருள் கழுவும் நிறுவனத்தில் தங்கியிருந்தது பல ஆண்டுகளுக்குப் பின் தெரியவந்தது. மிஞ்சியவை இவ்வாறு சிதறிக் கிடந்த சிலவே. பல கதைகளின் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கிறது; படம் இல்லை.

மறைந்துபோனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் தொடர் முடிந்த பின்னரும் ஜப்பானின் சில வட்டாரங்களில் மறு ஒளிபரப்பானது. 1979ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொலைக்காட்சி அசாகி புதிய டோராஎமோன் தொடரைத் தொடங்கியது. நொபுயோ ஒயாமா அதற்குக் குரல் கொடுத்தார். அத்தொடர் 2005 வரை ஓடியது. உலகம் அறிந்த டோராஎமோன் அதுதான். புதியது வந்தபின் பழையது திரையிலிருந்து விலகிவிட்டது. ஒரே பாத்திரம் இரண்டு குரல்களில் பேசினால் சிறுவர்கள் குழம்புவார்கள் என்று உரிமையாளர்கள் எண்ணியிருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. தம் படைப்பு எந்த வடிவில் மக்களைச் சென்றடைய வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை படைப்பாளருக்கு உண்டு. ஆனால், ஒளிபரப்பாமல் பெட்டியில் வைத்திருப்பதும், பெட்டியே இல்லாமல் போவதும் ஒன்றல்ல. முன்னதை நாளை மாற்றிக்கொள்ளலாம். பின்னதை மாற்ற வழியில்லை.

டோராஎமோனுக்கு மட்டும் இந்த நிலை ஏற்படவில்லை. அமெரிக்க நாளிதழ்களில் 1907 முதல் வந்த மட் அண்ட் ஜெஃப் என்னும் சித்திரக்கதை, பேசாப்பட காலத்தில் ஏறக்குறைய 300 குறும்படங்களாக வந்தது. அவற்றுள் பெரும்பாலானவை இன்று இல்லை. பெல்ஜியத்தின் டின்டின் கதையொன்று 1947இல் பொம்மைகளைக் கொண்டு முழுநீளப் படமானது. படம் இருமுறை திரையிடப்பட்டவுடன் தயாரிப்பாளர் கடனில் மூழ்கி அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டார். நல்லவேளையாக, பெல்ஜியத்தின் திரைப்படக் காப்பகத்தில் ஒரு படி தங்கியது. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931இல் வெளிவந்தது. அதற்கு அந்த நல்லூழும் வாய்க்கவில்லை. அப்படத்தின் ஒரு சுருள்கூட இன்று கிடைக்கவில்லை.

மலேசியாவின் நிலை என்ன? நாட்டின் முதல் அசைவூட்டக் குறும்படம் ஹிக்காயாட் சாங் கஞ்சில். பிலெம் நெகாரா நிறுவனத்தில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் அதை உருவாக்கினார். 1978இல் முடிந்த அப்படம் 1983இல்தான் ஒளிபரப்பானது. சருகுமானின் கதையை மலேசியப் பிள்ளைகள் திரையில் காண ஐந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. எனினும், அரசு நிறுவனம் எடுத்த படம் என்பதால் அது தப்பியது. லாட் வரைந்த கம்போங் பாய் சித்திரக்கதையும் 1990களின் இறுதியில் தொலைக்காட்சித் தொடரானது. டோராஎமோனைப் போலவே அதற்கும் 26 அங்கங்கள். அதன் ஓர் அங்கம் 1999இல் பிரான்சின் அன்னசி விழாவில் பரிசு பெற்றது. அத்தொடரை இன்றும் பார்க்கலாம்.

தொலைந்த படங்கள் சில சமயம் எதிர்பாராத இடங்களில் கிடைக்கின்றன. பிரிட்டனில் பிபிசி நிறுவனம், விலை உயர்ந்த ஒளிநாடாக்களை மறுபடி பயன்படுத்துவதற்காக டாக்டர் ஹூ தொடரின் பல அங்கங்களை அழித்துவிட்டது. வெளிநாடுகளுக்கு விற்ற படிகள் மட்டும் ஆங்காங்கே எஞ்சின. 2013இல் அவற்றுள் ஒன்பது அங்கங்கள் நைஜீரியாவில் கிடைத்தன. தயாரித்த நாட்டில் இல்லாதது, வாங்கிய நாட்டில் ஓர் அலமாரியில் இருந்தது.

அப்படிப்பட்ட அலமாரிகள் ஜொகூர் வீடுகளிலும் உண்டு. 1980களிலும் 1990களிலும் உள்நாட்டு அலைவரிசைகளோடு, பாலத்திற்கு அப்பாலிருந்து வந்த சிங்கப்பூர் ஒளிபரப்பையும் இங்குள்ளோர் பார்த்தனர். பிடித்த நிகழ்ச்சியை ஒளிநாடாவில் பதிவு செய்யும் வழக்கம் பல குடும்பங்களில் இருந்தது. தீபாவளிச் சிறப்பு நாடகம், பள்ளி மாணவர் பங்கேற்ற புதிர்ப்போட்டி, இடையே வந்த விளம்பரங்கள் எல்லாம் அந்நாடாக்களில் உள்ளன. நிலையத்தில் படி இல்லாத ஏதோ ஒன்று அவற்றுள் இருக்கவும் கூடும்.

இங்குள்ள தட்பவெப்பம் அவற்றுக்குப் பெரும்பகை. ஜொகூரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தாண்டும். ஒளிநாடாவில் வெள்ளைப் பூஞ்சை படியும். பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே இயந்திரத்தில் இட்டால் நாடாவும் கெடும், இயந்திரமும் கெடும். பழைய படச்சுருளோ ஈரத்திலும் வெப்பத்திலும் சிதைந்து, புளித்த காடியின் வாடையை வீசும். பெட்டியைத் திறக்கும்போது அவ்வாடை வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மெதுவாக்கலாம், மீட்டெடுக்க இயலாது. ஆகவே, நாடாக்களைக் குளியலறைக்கு அருகிலோ கூரைக்கு அடியிலோ வைக்காமல், உலர்ந்த பெட்டியில் நிறுத்திவைக்க வேண்டும். காலம் தாழ்த்தாமல் கணினிக்கு மாற்றுவதே பாதுகாப்பான வழி.

அதற்கும் காலம் குறுகி வருகிறது. இவ்வகை நாடாக்களை ஓட்டும் இயந்திரங்களை இறுதிவரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம், 2016ஆம் ஆண்டு சூலை மாதத்தோடு அப்பணியை நிறுத்திக்கொண்டது. இனி இருக்கும் இயந்திரங்கள் பழுதானால், வேறொரு பழைய இயந்திரத்திலிருந்து உதிரிப் பாகம் எடுத்துத்தான் பொருத்த வேண்டும்.