தத்தெடுப்புக் குடும்பங்களுக்கான தமிழ் வாசிப்பு: பிறப்பை யார் சொல்வது?

ஆய்வுச் சுருக்கம்

தத்தெடுத்த பெற்றோர், தத்துப்பிள்ளைகள், பிள்ளையைப் பெற்றுப் பிரிந்தவர்கள் ஆகிய முத்தரப்பினருக்கும் எந்நூல்களைப் பரிந்துரைக்கலாம் என்பதைத் தென்சென்னைச் சூழலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. பிறப்புச் செய்தியைப் பிள்ளைக்கு யார், எந்த நோக்கத்தோடு சொல்கிறார் என்பதே நூல்தேர்வின் முதன்மை அளவுகோலாக அமைய வேண்டும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: தத்தெடுப்பு, மணிமேகலை, ஆபுத்திரன், கபிலர் அகவல், பொன்னியின் செல்வன், சிறார் இலக்கியம்.

முன்னுரை

பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளைப் பேணும் பணியில் தென்சென்னைக்கு நெடிய வரலாறு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930களின் தொடக்கத்தில் நிறுவிய அவ்வை இல்லம் அடையாற்றில் இயங்குகிறது. தியாகராய நகரில் உள்ள பால மந்திர் 1949இல் தொடங்கப்பெற்றது. 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் பெண்பிள்ளையையும் தத்தெடுக்க வழிசெய்தது. அதற்கு முன்னர், ஒருசில வழக்காறுகள் நீங்கலாக, தத்து என்பது ஈமக்கடனுக்கும் சொத்துரிமைக்கும் உரிய ஆண்பிள்ளையைக் குறித்தது. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுகளில் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள் இன்று முப்பது வயதை ஒட்டியவர்கள். ஆகவே இத்துறையில் நூல் தேடுவோர் புதிதாகத் தத்தெடுத்த பெற்றோர் மட்டுமல்லர்.

ஆபுத்திரன்

தத்துப்பிள்ளையின் துயரைத் தமிழில் மிக ஆழமாகச் சொன்ன நூல் மணிமேகலையே எனலாம். கணவனைப் பிழைத்த சாலி என்னும் பார்ப்பனி, குமரிக்குச் செல்லும் வழியில் ஈன்ற குழவியைத் தோட்டமொன்றில் விட்டு நீங்குகிறாள். பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டிக் காக்கிறது. வயனங்கோட்டைச் சேர்ந்த இளம்பூதி அக்குழவியைக் கண்டெடுத்துத் தன் மகனென்றே கொண்டாடி வளர்த்துக் கல்வியும் அளிக்கிறான். வேள்விக்குக் கட்டப்பட்ட பசுவை ஆபுத்திரன் விடுவித்தபோதுதான் அவனது பிறப்பு அவன்மேல் எறியப்படுகிறது. கூட்டத்திலிருந்த அந்தணன் ஒருவன், குமரியில் சாலியைக் கண்டதாகவும் மகவைக் கைவிட்டதை அவளே சொல்லி வருந்தியதாகவும் கூறுகிறான்.

இவ்விடம் கூர்ந்து நோக்கத்தக்கது. பெற்றவளின் குற்றவுணர்வு மகனைச் சென்றடைகிறது. ஆனால் அது அவளிடமிருந்து வரவில்லை, வளர்த்தவனிடமிருந்தும் வரவில்லை. பகைவன் வாய்வழி ஏச்சாக வருகிறது. ஆபுத்திரன் அஞ்சவில்லை, முனிவர் பலரின் பிறப்பை எடுத்துக்காட்டி எதிர்வாதம் செய்கிறான். ஆயினும் இளம்பூதி அவனைக் கைவிடுகிறான். அத்தனை ஆண்டு வளர்த்த அன்பு ஊராரின் ஒரு சொல்லுக்கு முன் நிற்கவில்லை என்பதைச் சாத்தனார் எவ்வகைச் சமாதானமும் கூறாமல் விட்டுவிடுகிறார். அமுதசுரபியின் பெருமையைப் பேசும் உரைகள் பலவும் இக்கைவிடுதலை விரைந்து கடந்துவிடுகின்றன. வளர்ந்த தத்துப்பிள்ளைகளுக்கும் தத்தெடுக்க எண்ணுவோருக்கும் இக்காதையைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். சிறுவர்க்கு இது உரியதன்று.

மயிலாப்பூர் மரபு

வள்ளுவர் மயிலாப்பூரில் வளர்ந்தார் என்னும் வழக்கும் கைவிடப்பட்ட பிள்ளைகளின் கதையோடு பிணைந்ததே. ஆதி, பகவன் இருவரும் ஈன்ற ஏழு மக்களும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு குலத்தாரிடம் வளர்ந்ததைக் கபிலர் அகவல் கூறுகிறது. உப்பை வண்ணாரிடமும், ஒளவை பாணரிடமும், வள்ளி குறவரிடமும் வளர்ந்தனர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளைக் குலம் எவ்வாறு பிரிக்க இயலும் என்பதே அகவலின் வாதம். பிரிய மனமின்றி நின்ற தாயைப் பச்சிளங்குழவியே தேற்றியதாக வழங்கும் கதை ஆராயத்தக்கது. பெற்றவளைப் பழியாமல் அவளுக்கு ஆறுதல் சொல்லும் குரல் இங்குப் பிள்ளையினுடையது. வரலாற்று உண்மையாக இதனைக் கொள்வதற்கில்லை. ஆனால் பிள்ளையை ஒப்படைத்த தாய்மாரிடம் பணியாற்றுவோர்க்கு இதனினும் பொருத்தமான கதை தமிழில் அரிது.

குருதி வெல்லும் கதைகள்

1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ பெரும்பாலான வீடுகளில் உள்ள நூல். செம்பியன்மாதேவி வளர்த்த மதுராந்தகன் அவர் ஈன்ற பிள்ளையல்லன். ஈன்ற மகனோ ஊமைத்தாய் வாணியிடம் சேந்தன் அமுதனாக வளர்கிறான். நற்பண்பும் அரியணையும் இறுதியில் ஈன்ற மகனுக்கே செல்கின்றன. வளர்ப்பு மகன் பகைப்புலம் சேர்கிறான். கதையின் விறுவிறுப்பில் இது உறுத்துவதில்லை. தத்துப்பிள்ளை ஒருத்தி பதினான்கு வயதில் இதனைப் படிக்கும்போது உறுத்தக்கூடும். இந்நூலை மறைக்க வேண்டியதில்லை. பெற்றோர் உடனிருந்து பேசிப் படிப்பது நலம். இதற்கு மாற்றாக நிற்பது பெரியாழ்வார் துளசிவனத்தில் கண்டெடுத்த ஆண்டாளின் வரலாறு. அங்குப் பெற்றவர் யார் என்னும் தேடலே எழுவதில்லை. தேடல் இல்லாத அக்கதை இன்றைய பிள்ளையின் கேள்விகளுக்குப் போதுமா என்பது வேறு செய்தி.

சிறார் நூல்களும் திரைப்படமும்

சென்னையிலிருந்து பன்மொழிச் சிறார் நூல்களை வெளியிடும் தூலிகா பதிப்பகத்தின் ‘தி லோன்லி கிங் அண்ட் குயீன்’, தீபா பல்சாவர் ஆக்கியது. பிள்ளையில்லாத தனிமையில் வாடும் அரசனும் அரசியும் தத்தெடுக்கும் கதை என்பதால் மழலைப் பருவத்திலேயே பேச்சைத் தொடங்கப் பயன்படும். பெற்றோருக்கென ஆங்கிலத்தில் அலோமா லோபோ, ஜெயப்ரியா வாசுதேவன் இருவரும் எழுதிய பெங்குயின் வழிகாட்டி உள்ளது. அது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்திற்கு முற்பட்டது. நடைமுறைப் பகுதிகளை இன்றைய விதிகளோடு ஒப்பிட்டே கொள்ள வேண்டும்.

பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்குச் சுஜாதாவின் ‘அமுதாவும் அவனும்’ சிறுகதையைத் தழுவி மணிரத்னம் இயக்கிய ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) ஏற்றது. போர்க் காட்சிகள் உள்ளமையால் பெற்றோர் உடனிருக்க வேண்டும். ஒன்பதாம் பிறந்தநாளில் அமுதாவுக்கு உண்மையைச் சொல்பவர் அவளை வளர்த்தவர்களே. ஆபுத்திரனுக்கு வாய்க்காதது அவளுக்கு வாய்க்கிறது. சொன்ன பின்னர் அவள் சினப்பதும் வீட்டை விட்டு ஓடுவதும் மறைக்கப்படவில்லை. அவளைப் பெற்றவளிடம் அழைத்துச் செல்பவர்களும் வளர்த்தவர்களே.

சொல்லாட்சி

நூல்தேர்வில் கதையைப் போலவே சொல்லும் கருதத்தக்கது. ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று பிள்ளைகளைச் சீண்டும் வழக்கம் தமிழ் வீடுகளில் பரவலானது. முன் பிறந்தவை இறந்துபோன வீட்டில் அடுத்த பிள்ளையைப் பிறருக்குக் கொடுத்து, தவிடு தந்து மீட்ட சடங்கின் எச்சம் அது. பிள்ளையைக் காக்கும் பொருட்டு எழுந்த சடங்கு, தத்துப்பிள்ளை இருக்கும் வீட்டில் புண்படுத்தும் கேலியாகிறது. ‘சொந்தப் பிள்ளை’, ‘உண்மையான அம்மா’ என்னும் தொடர்களும் அத்தகையன. இவற்றை விளக்கமின்றி ஆளும் நூல்களைச் சிறார் பட்டியலில் சேர்க்காதிருத்தல் நன்று.

வளர்ந்த பின்னர்த் தம் வேரைத் தேடுவோருக்கு உதவ இன்றைய தத்தெடுப்பு விதிகளில் இடமுண்டு; பதினெட்டு வயது நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம். அவ்வாறு தேடிச் செல்பவர் கையில் கொடுக்கத்தக்க நூல்களுள், தத்துப்பிள்ளை ஒருவர் தாமே தமிழில் எழுதிய தன்வரலாறே முதலிடம் பெற வேண்டியது. மணிமேகலையில்கூட ஆபுத்திரன் கதையை மணிமேகலைக்கு எடுத்துரைப்பவர் அறவண அடிகளே.