கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது யார்?

கல்லூரி ஆய்வகத்தில் எந்தக் கணினி முன் உட்கார்ந்தாலும் ஒரே பயனர்பெயர், ஒரே கடவுச்சொல். மின்னஞ்சலுக்கும் வைஃபைக்கும் நூலகத் தளத்துக்கும் அதுவேதான். இத்தனை இடங்களிலும் நம் கணக்கைத் தனித்தனியாக உருவாக்கி வைப்பதில்லை. யார் வந்து கேட்டாலும், அவை டைரக்டரி சர்வரிடம் போய் விசாரித்துக்கொள்கின்றன.

டைரக்டரி என்பது ஆட்களின் பதிவேடு. உச்சியில் நிறுவனம், கீழே துறைகள், நுனியில் ஆட்கள் என்று மரம்போலக் கிளைவிட்டிருக்கும். ஒருவரின் பெயர், மின்னஞ்சல், அவர் சேர்ந்திருக்கும் குழுக்கள், கடவுச்சொல்லின் ஹாஷ் (அதைத் திருப்பி எடுக்க முடியாதபடி உருமாற்றிய வடிவம்) எல்லாம் அதில் இருக்கும். திருத்துவது எப்போதாவது, படிப்பதோ ஓயாமல். அதனால் வேகமாகப் படிப்பதற்கென்றே அதை அமைத்திருக்கிறார்கள்.

இதற்கு இலக்கணம் வகுத்தது 1988-இல் வந்த எக்ஸ்.500 தரம். அன்றைய மேசைக் கணினிகளுக்கு அது தாங்காத சுமை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹோவ்ஸ் உள்ளிட்டோர் அதை இளைக்கவைத்து உருவாக்கியதுதான் எல்டாப். விண்டோஸ் 2000-உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரியும் இந்த மொழி பேசும்.

எல்டாப் முறையில் நாம் தட்டிய கடவுச்சொல்லையே மின்னஞ்சல் சர்வர் டைரக்டரிக்கு அனுப்பிச் சரிபார்க்கும். இடையில் மறையாக்கம் இல்லாவிட்டால் வலையமைப்பை ஒட்டுக்கேட்பவர் கையில் அது சிக்கிவிடும். எம்.ஐ.டி.யில் 1980-களில் பிறந்த கெர்பரோஸ் என்ற சரிபார்ப்பு முறை இதற்கு அழகான வழி கண்டது. காலையில் ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால் ஒரு டிக்கெட் கிடைக்கும். ஆக்டிவ் டைரக்டரியில் அதன் ஆயுள் வழக்கமாக 10 மணி நேரம். பிறகு கோப்பு சர்வரோ பிரிண்டரோ, அதைக் காட்டி அந்தந்தச் சேவைக்கு வேறு டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். கடவுச்சொல் வலையமைப்பில் பயணிப்பதே இல்லை.

டிக்கெட்டில் நேரம் பொறித்திருப்பதால் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். வழக்கமான வரம்பு 5 நிமிடம். மதர்போர்டின் காசு பேட்டரி செத்து, கணினி பழைய வருடத்துக்குப் போய்விட்டால், கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாமல் போகலாம். பயனர் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்ப்பார், கோளாறோ பேட்டரியில்.

கடவுச்சொல் ஒன்றானதை எல்லோரும் பெரிய வசதி என்பார்கள். நிர்வாகிக்குப் பெரிய நிம்மதி வேறு: ஒருவர் வேலையை விட்டுப் போனால், பத்து சர்வர்களில் தேடாமல் டைரக்டரியில் ஒரு கணக்கை முடக்கினால் போதும். ஆனால் அவர் ஏற்கெனவே வாங்கிய சேவை டிக்கெட், காலாவதியாகும்வரை செல்லும். டைரக்டரி சர்வர் படுத்துவிட்டாலோ மொத்த அலுவலகமும் வாசலில் நிற்கும். அதனால்தான் ஒரே பதிவேட்டை இரண்டு சர்வர்களிலாவது நகலெடுத்து வைத்திருக்கிறார்கள்.