தோட்டத்தில் நிலநடுக்கமானி: இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

வீட்டுக்குள் வைத்த நிலநடுக்கமானி முதலில் பதிவு செய்வது வீட்டாரின் நடமாட்டத்தைத்தான். கதவை அறைந்து சாத்தினால்கூடக் கோடு துள்ளும். அதனால்தான் கருவியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

வெளியே வேறு தொல்லை. காற்றில் மரம் ஆடினால் வேர் வழியாக மண்ணும் அசையும். ஆகவே மரம், கம்பம், மதில் எல்லாவற்றையும் விட்டுத் தள்ளிக் குழி வெட்டுங்கள். அடியில் சிறு கான்கிரீட் தளம். அது வீட்டு அஸ்திவாரத்தைத் தொடக்கூடாது. ரசமட்டம் வைத்துக் கருவியைச் சமப்படுத்தி, தண்ணீர் புகாத பெட்டியால் மூடி, மேலே தெர்மோகோல் பரப்புங்கள். ஊசல் வகைக் கருவிக்கு வெயில் ஏறி இறங்குவதே பெரிய எதிரி.

பிறகும் இரைச்சலா? நேரத்தைப் பாருங்கள். இரவில் அடங்கினால் மனிதர்களும் வண்டிகளும் காரணம். 2020 ஊரடங்கில் இந்த இரைச்சல் பல இடங்களில் பாதி வரை குறைந்தது. சில விநாடிக்கு ஒருமுறை ஓயாமல் எழுந்து தணிந்தால் அது கடல் அலை. அதைத் தடுக்க வழியில்லை.

அலைவரிசைப் படத்தில் 24 ஹெர்ட்ஸ் அருகே மெல்லிய நேர்கோடு தெரிந்தால் மோட்டாரைச் சந்தேகியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவ மோட்டார் அதில் விநாடிக்கு 25 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். கோடு தொடங்கிய, முடிந்த நிமிடங்களைக் குறித்துக்கொண்டு, தொட்டியில் எப்போது தண்ணீர் ஏற்றினார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

மூலத்தைக் கண்டுபிடிக்கும் முன் மென்பொருள் வடிகட்டியைத் தொடாதீர்கள். அருகில் நிகழும் சிறு நடுக்கங்களும் இதே அதிர்வெண்களில்தான் வரும்.